எட்டாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை

எங்கள் ஊரில் அந்தக் கார் படத்தின் புதிய பாகம் வெளியாகும் நாளில், போன பாகத்தில் எதிரியாக இருந்தவர் குடும்பத்தில் ஒருவராகிவிடுவார். என் கணவரை லாரி ஏற்றிக் கொன்ற கலிவரதன், ஏழாம் பாகம் வெளியான அன்று ஒரு தோள்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மாமியார் அவருக்குக் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"ஏன்டா இவ்வளவு நேரம்? முதல் காட்சி விட்டே எவ்வளவு நேரமாச்சு," என்றார் அத்தை.

"பஸ் கிடைக்கலம்மா," என்றார் கலிவரதன்.

நான் உள்ளே போய் என் கணவரின் தட்டைக் கழுவி அவருக்குச் சோறு போட்டேன். வீட்டில் வேறு தட்டு இருந்தது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு விருந்தாளித் தட்டில் போடக் கூடாது.

என் கணவர் பெயர் நவநீதன். ஒரு பேக்கரியில் ரொட்டி வேன் ஓட்டினார். அவர் வண்டியைச் சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். ரொட்டி நசுங்கிவிடும் என்பார். எல்லாக் கடைகளிலும் தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்குவார். அப்படிப்பட்டவர் கார்கள் துரத்திக்கொள்ளும் அந்தப் படத்தின் எல்லாப் பாகங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். வேகம் என்றாலே பயப்படுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல யாருமே லேட்டா வர்றதில்ல செங்கமலம்," என்றார். "குண்டு வெடிக்கப் போவுது, ஒரு ஆளு பாலத்துல இருந்து விழப்போறான்னு வையி. எங்க இருந்தாலும் கரெக்டா அந்த நேரத்துக்கு வந்து கார்ல புடிச்சுடறாங்க."

ஆறாம் பாகம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் பைபாஸில் ஏரிக்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த அவர் வேனின் மேல் பின்னாலிருந்து கலிவரதனின் லாரி ஏறியது. ஏரியில் ரொட்டிகள் மிதந்தன. மீன்கள் அவற்றைக் கடித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவரை முகம் மூடித்தான் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் என்றால் அங்கே கேட்க மாட்டார்கள், தாங்களே மூடிவிடுவார்கள். அந்தப் படத்தில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள். ஆனால் முகத்தைக் காட்டாமல் இறந்தவர்கள்தான் வருவார்கள். வண்டி வெடிக்கும், புகை வரும், கூட இருந்தவர்கள் அழுவார்கள். முகத்தை மட்டும் காட்டிவிட்டால் முடிந்தது. எனவே அத்தை என் கழுத்தைப் பிடித்து என்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். சுடுகாட்டில் கொள்ளி வைத்தவரும் பின்பக்கம் திரும்பி நின்றுதான் வைத்தார்.

கடைசித் தெரு பாக்கியவதி தன் மகனின் முகத்தைத் துணி விலக்கிப் பார்த்துவிட்டவள். அதன் பிறகு எத்தனை பாகங்கள் வந்தும் அவன் வரவில்லை. அவளை யாரும் எதுவும் சொன்னதில்லை. புதிய பாகம் வந்தால் அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் போவாள்.

கலிவரதன் நல்ல மனிதராக இருந்தார். அது எனக்குச் சிரமமாக இருந்தது. அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சொட்டிக்கொண்டே இருந்த குழாயைச் சரிசெய்தார். எங்கிருந்தோ ஒரு பழைய வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, வீட்டு முன்னால் நிறுத்தி, எட்டாம் பாகத்துக்காக அதைத் தயார் செய்ய ஆரம்பித்தார். நான் கார்களுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறவள். அந்தக் காருக்கும் தைக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குத் தைக்கும்போது ஊசியை உள்ளேயே வைத்துத் தைத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஓட்டுபவர் முதுகில் குத்தினால் பின்னால் உட்காரும் அத்தைக்குத்தான் ஆபத்து.

அவர் வந்த வாரத்திலேயே நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் ஏழாம் பாகம் பார்க்கப் போனோம். கார்கள் விமானத்திலிருந்து குதித்தன. ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவின. அத்தை அதையெல்லாம் கவனிக்கவில்லை. மடியில் கிடந்த முறுக்கை ஒடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி வந்ததும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாரு, ஒரு ஆளு விடாம உக்காந்து சாப்புடுதுங்க," என்றார். அந்த மேசைக்காகத்தான் அவர் அத்தனை சண்டையையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீடு திரும்பும் வழியில் அத்தை முன்னால் நடந்துகொண்டிருந்தபோது நான் கலிவரதனிடம் முதல்முறையாகப் பேசினேன்.

"அன்னிக்கு ஏன் அவ்வளவு வேகமா வந்தீங்க?"

அவர் முன்னால் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"முன்னாடி யாரோ போயிட்டிருந்தாங்க அண்ணி. புடிச்சுடணும்னு தோணுச்சு."

"யாரு?"

"தெரியல. லோடு ஏத்துன எடத்துலருந்தே போயிட்டிருந்தாங்க. உங்க வீட்டுக்காரரு இல்ல. அவரு நடுவுல வந்துட்டாரு."

"அவங்களைப் புடிச்சீங்களா?"

"இல்லண்ணி. இப்பவும் போயிட்டுதான் இருக்காங்க."

அன்று முதல் அவருக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் தட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

எட்டாம் பாகத்தில் என் கணவர் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். எப்படி வருவார் என்பதும் தெரியும். இறந்து திரும்பி வருகிறவர்கள் ஞாபகம் இல்லாமல், எதிர்த் தரப்பு ஆளாகத்தான் வருவார்கள். வந்து தன் குடும்பத்தையே துரத்துவார்கள். ஒரு வண்டி விழும். விழாத வண்டியில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். அத்தை ஒரு வாரமாகவே மகனுக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் புளிக்குழம்பும் வாழைக்காய் வறுவலும் செய்து தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பைபாஸ் ஓரத்துக் கடைகளைச் சாத்தியிருந்தார்கள். காய்கறி வண்டிக்காரர்கள் தங்கள் வண்டிகளைச் சாலையின் குறுக்கே நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கண்ணாடிக் கடை ஆட்கள் இரண்டு பேர் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடுச்சாலையில் காத்திருந்தார்கள். வெயில் ஏறியதால் இடையிடையே கை மாற்றிக்கொண்டார்கள்.

கலிவரதன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை பின் இருக்கையில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். ஏரிக்கரையைத் தாண்டியதும் பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்தது.

"அவன்தான்," என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

கலிவரதன் கியர் மாற்றினார். ஐந்தாவது கியருக்குப் பிறகும் அந்தக் காரில் கியர்கள் இருந்தன. அவர் மாற்றிக்கொண்டே போனார். கத்தரிக்காய்களும் தக்காளிகளும் முன் கண்ணாடியில் வந்து மோதின. பிறகு அந்தப் பெரிய கண்ணாடி நொறுங்கியது. கறுப்புக் கார் எங்களுக்கு இணையாக வந்து நெருங்கியது. ஜன்னலில் என் கணவர் தெரிந்தார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, ரொட்டி வேன் ஓட்டும்போது உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வேகத்தில் காற்று காதைக் கிழித்தாலும் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"நவநீதா, சாப்டியாடா?" என்றார் அத்தை.

அவர் அத்தையைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார். சொல்லிவிட்டுக் காரை எங்கள் மேல் மோதினார்.

அத்தை தூக்கின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். குழம்பு சிந்தவில்லை.

முடிக்காமல் விட்ட மேம்பாலம் முன்னால் தெரிந்தது. அது ஒப்பந்தக்காரர் ஓடிப்போனதால் பாதியில் நின்ற பாலம். இரண்டு கார்களும் அதில் ஏறின.

"அண்ணி, ஒரு வண்டி விழணும். எதுன்னு நீங்க சொல்லுங்க," என்றார் கலிவரதன்.

அந்தக் கேள்விக்கு ஒரு வருடமாக என்னிடம் பதில் இருந்தது. தினமும் தையல் மிஷினில் உட்காரும்போது அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். காதோரம் வியர்த்திருந்தது. முன்னால் யாரும் இல்லாத சாலையை அவர் கண்கள் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தைய எறக்கி விட்டுடுங்க," என்றேன்.

அவர் பிரேக்கில் கால் வைத்தார். கார் சற்றுத் தளர்ந்தது.

"நான் எறங்கல," என்றார் அத்தை. "இவன ஒத்தையா எப்படி உடறது? ஒன்னக் கொண்டவன் அங்க இருக்கான், நீ அங்க போ. எனக்கு ரெண்டும் புள்ளதான்." தூக்கை என் கையில் கொடுத்தார். "புளி கம்மியாத்தான் போட்டிருக்கேன்னு சொல்லு. ஆறிடப் போவுது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து, கறுப்புக் காரின் மேல் தாவினேன். ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும்போது பின்னால் கலிவரதன் குரல் கேட்டது.

"சரிங்க அண்ணி."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் அவருடையதுதான். நான் பார்க்காமல் விட்ட முகம். நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

"பெல்ட்டு போட்டுக்குங்க," என்றார்.

போட்டுக்கொண்டேன். அவர் பிரேக்கை மிதித்தார். எங்கள் கார் பாலத்தின் விளிம்பில் நின்றது. வெள்ளைக் கார் நிற்கவில்லை. பின் கண்ணாடியில் அத்தையின் கொண்டை தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முகம் தெரிந்துவிடக் கூடாது என்று முன்பக்கமே பார்த்துக்கொண்டு போனார்.

கீழே நின்றிருந்த ஊர் ஜனங்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றார்கள். நானும் என் கணவரின் கழுத்தைப் பிடித்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன். சத்தம் கேட்டது. பிறகு சூடு வந்தது. புகை மணம் வீட்டுக்குப் போகும் வரை எங்கள் துணியில் இருந்தது.

அன்று சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அவர் எந்த இடத்தில் உட்காருவது என்று தெரியாமல் நின்றார். நான் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். தட்டு வைத்துப் பரிமாறினேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் கையை நிறுத்தினார்.

"அந்த வண்டில இருந்த அம்மா யாருங்க?"

"உங்க அம்மா."

"அப்படியா," என்றார். குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். "ரொம்ப நேரமா எனக்குப் பசிதாங்க. துரத்திட்டு வரும்போதெல்லாம் பசி. யாருகிட்டயும் சொல்லல. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சுட்டே ஓட்டினேன்."

"புளி கம்மியாப் போட்டிருக்காங்களாம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். தூக்கில் இருந்தது முழுவதும் அவருக்கே போட்டேன். அவர் என்னை ஒருமுறை செங்கமலம் என்று கூப்பிடுவார் என்று அடுப்படியில் நின்று காத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு, "ரொம்ப நன்றிங்க," என்றார்.

கலிவரதனையும் அத்தையையும் மறுநாள் முகம் மூடி வாங்கினோம். இரண்டு பேருக்கும் என் கணவர் பின்பக்கம் திரும்பி நின்று கொள்ளி வைத்தார். யாரோ அவரிடம் ரொம்பத் தள்ளி நிற்கிறாய் என்றார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்தார். திரும்பும்போது அடுத்த பாகத்திலோ அதற்கடுத்ததிலோ இரண்டு பேரும் வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எங்களைத் துரத்திக்கொண்டு வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும். ஞாபகமில்லாத அத்தை எங்கள் காருக்கு இணையாக வந்து ஜன்னலில் என்னைப் பார்க்கும்போது நான் என்ன கேட்பது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

என் கணவர் கறுப்புக் காரில் ரொட்டி கொண்டுபோகிறார். ஒரு நாளும் தாமதமாவதில்லை. ரொட்டிகள் நசுங்கிப் போகின்றன என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் காதில் வாங்குவதில்லை. அவருக்கு முன்னால் யாரோ போய்க்கொண்டிருக்கிறார்களாம்.

ஒன்பதாம் பாகத்தில் கார்கள் கடலுக்கு அடியில் ஓடப்போவதாகப் போன வாரம் போஸ்டர் ஒட்டினார்கள். எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. இன்று காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். கடல் இரண்டாவது படி வரை வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆடுகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தெளிக்க எடுத்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பால் வாங்கப் போனேன்.