மூன்றாவது சிறுநீரகம்

போர்ட்டோ அலெக்ரி நகர மருத்துவமனையில் சுல்மிரா தன் கணவர் அன்செல்மோவின் முதுகைச் சோப்புத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை அவருக்குப் பொருத்தப் போகிறார்கள். அவருடைய பருத்த வயிற்றைப் பெரிதாகக் கிழித்தால் புண் ஆறாது என்று மற்ற மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். ரோபோ வழியாகச் சின்னத் துளைகள் போட்டுச் செய்யலாம் என்றவர் டாக்டர் இராசெமா மட்டுமே.

உள்ளே வந்த டாக்டர் சிரித்தார். "முதுகை எதுக்கும்மா தேய்க்கிறீங்க?"

"சிறுநீரகம் அங்கதானே இருக்கு?"

"பழசு ரெண்டும் அங்கேயே கிடக்கும். புதுசை முன்னால, அடிவயித்துல வைப்போம்."

"அப்போ இவருக்கு மூணு, எனக்கு ஒண்ணு. பாகப்பிரிவினை நல்லாத்தான் இருக்கு!"

"வாராவாரம் சுட்ட கறி தின்னு வளர்த்த வயிறுடி, இடம் தாராளம்," என்றார் அன்செல்மோ.

அவளுக்குக் கேள்வி தீரவில்லை. "தைக்கிறது அந்த மெஷினா டாக்டர்?"

"நான்தான். தள்ளி உக்காந்து நான் விரலை அசைச்சா உள்ள ஊசி அசையும். தைச்சு முடிக்கிற வரைக்கும் உங்க சிறுநீரகத்தை ஐஸ் வச்ச துணியில சுத்தியிருப்போம்."

மறுநாள் மயக்கம் தெளிந்ததும் சுல்மிரா கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?"

"ரத்தத்தைத் திறந்துவிட்டதும் உங்க சிறுநீரகம் சிவந்துச்சு. அப்பவே வந்துடுச்சு!" என்றார் இராசெமா.

பல ஆண்டுகள் கழித்து அன்செல்மோ மாரடைப்பில் இறந்தார். கடைசிவரை அந்தச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ததாக இராசெமா சொன்னபோதுதான் சுல்மிராவுக்கு அழுகை வந்தது.