ஊத்தியாச்சா?

புல் வெட்டும் மெஷின் இருமி இருமி நின்றுபோனது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அவன், அதைத் தோளிலிருந்து இறக்காமலே குலுக்கிப் பார்த்தான். டேங்கில் ஒரு சொட்டும் இல்லை. பங்களா மைதானத்தில் பாதிதான் முடிந்திருந்தது. மீதியில் புல் முழங்கால் உயரம் நின்றது.

பின்னால் புல்லை வாரிக்கொண்டு வந்த அவன் மனைவி நிமிர்ந்தாள். "அதுக்குள்ளயா?"

"பாதிக் கேனு வேற எவ்வளவு நேரம் வரும்?"

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து மேஸ்திரி பாதிக் கேன்தான் தருகிறார். மைதானம் மட்டும் பாதியாகவில்லை. காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலம் விருந்து. புல்லு முடியலைன்னா நாளைக்கு வேற ஜோடி வரும். அப்புறம் என்னைத் திட்டாதே."

மீசை மரத்தடியில் நின்ற தன் ஸ்கூட்டரைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுக்கு எப்படிங்க போறது?"

"தள்ளிக்கிட்டுப் போவோம். கல்யாணமான புதுசுல நடந்தே ஊர் சுத்தலையா?"

"அப்ப என் முட்டி நல்லா இருந்துச்சு."

அவன் சிரித்துக்கொண்டே, பிளேடில் சுற்றிக்கொண்ட புல்லைப் பிய்க்க உட்கார்ந்தான். அவள் ஸ்கூட்டர் டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சினாள். முதல் மடக்கு தொண்டைவரை போய் எரித்தது. துப்பிவிட்டு, வந்ததைப் பாட்டிலில் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு மெஷினில் ஊற்றினாள்.

"ஊத்தியாச்சா?" தலை நிமிராமல் கேட்டான்.

"ஊத்தியாச்சு. ஒரு சொட்டு சிந்தலை."

மெஷின் முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. புகையே வரவில்லை. ஸ்கூட்டர் பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாலு வரிசை தாண்டியிருக்காது, மெஷின் கீச்சென்று அலறி அப்படியே இறுகி நின்றது. இரும்பு கருகும் வாடை. ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாலும் அசையவில்லை.

மீசை கருவிப் பையைக் கொட்டினான். ஆயில் டப்பா மூடிகூடத் திறக்காமல் உருண்டது.

"ஆயில் ஊத்தியாச்சான்னுதானே கேட்டேன்!"

"நீங்க ஆயில்னு சொல்லவே இல்லையேங்க."

பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டினால் இந்த மெஷின் இறுகிவிடும்; மேஸ்திரியின் கேனில் கலந்தே வரும். அவள் தன் கையால் கலந்ததில்லை.

போனில் மேஸ்திரியின் குரல் அவளுக்கும் கேட்டது. "மெஷின் சரியாகுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் கூலி கிடையாது."

"அண்ணே, நீங்க பாதிக் கேன்தானே..."

"பாதிக் கேன்ல முடிக்கிறவன் இருக்கான். கூப்பிடட்டுமா?"

"வேணாண்ணே. முடிச்சிடறோம்."

ஓரம் வெட்டும் அரிவாள் ஒன்றுதான் இருந்தது. அதை அவன் எடுத்துக்கொண்டான். அவள் கையாலேயே பிடுங்கினாள். புல் விரல் இடுக்குகளை அறுத்தது.

வெளிச்சம் மங்கும்போது கார்கள் வரத் தொடங்கின. ஒன்று அவளருகே புல்லோரமாக வந்து நின்றது. அதில் வந்தவர் இறங்கி உள்ளே போனார். டிரைவரும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுச் சோம்பல் முறித்தான். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. ஐயா திரும்பி வர்றப்ப வண்டி சில்லுனு இருக்கணும். ஏசியை அணைக்கக் கூடாதுன்னுட்டார்."

அவள் குனிந்தாள். புகைக்குழாயிலிருந்து வந்த சூடான காற்றில், அவள் பிடுங்கப் போன புல் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.