காப்புக் கட்டிய கை

மடுல்சீமை மலையில் கோப்பி பட்டுப்போய்த் தேயிலை தலையெடுத்த காலம். மாசி பிறந்ததும் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டினார்கள். காமன் வேடம் அழகையாவுக்கு, ரதி வேடம் முருகையாவுக்கு. காப்புக் கட்டியவன் பௌர்ணமி கழிந்து காமன் உயிர்த்தெழும் வரை கவிச்சி தொடக்கூடாது. பதினைந்து நாள் வாயைக் கட்டினால் உயிரா போய்விடும்? அழகையாவால் முடியவில்லை. பத்தாம் நாள் தங்கச்சி கருப்பம்மாவின் லயத்து வீட்டுக்குப் போனான். அவள் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். சட்டியில் கிடந்த கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்றான். வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாய்க் கூத்தாடப் போனான்.

பௌர்ணமியன்று காமனை எரிக்கும் நேரம் பார்த்து மழை கொட்டியது. சுற்றியிருந்த வைக்கோல் புகைந்ததே தவிர, காமனாக நட்ட கம்பம் பாதிகூட எரியவில்லை.

"எவனோ விரதத்தக் கெடுத்துட்டான்," என்றார் கங்காணி.

ரதிக்கு வெள்ளைச் சீலை வாங்கப் பசறைக்குப் போய்வந்தவன் முருகையா. கடைத்தெருவுக்குப் போனவன் சும்மாவா வந்திருப்பான்? அவ்வளவுதான் விசாரணை. அவன் காப்பை அறுத்து, கட்டியிருந்த சீலையையும் உருவிக்கொண்டார்கள். இனி அவன் வீட்டு ஆள் யாரும் கூத்தில் வேடம் கட்டக்கூடாதாம். அழகையா பார்த்துக்கொண்டே நின்றான். வெட்கங்கெட்டவன்.

மூன்றாம் நாள் பகலில் காமனை எழுப்பும் சடங்கு. அழகையாவைக் கிடத்தி, கழுத்துவரை துணி போர்த்தினார்கள். ஒவ்வொருவராக வந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கடைசியாக வந்த முருகையா காதருகே குனிந்தான்.

"கருவாட்டு வாசம் அன்னைக்கு ஆடயிலயே எனக்குத் தெரியும்ணே."

"ஏன்டா சொல்லல?"

"புருசன ரதி காட்டிக்குடுப்பாளா? நீங்க எந்திரிக்கணும்ல."

அழகையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

புதிதாக ரதி வேடம் கட்டியவன் ஒப்பாரி வைத்தான். தப்பு முழங்கியது. காமன் எழவில்லை.

"எந்திரிப்பா," என்றார் கங்காணி.

அழகையா உட்கார்ந்து, தன் காப்பைத் தானே அறுத்தான்.

"கருவாடு தின்னது நான்தாங்க. சீலைய அவங்கிட்டயே குடுத்துருங்க."

தப்புச் சத்தம் நின்றது. கருப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முருகையாவின் முகத்தைப் பார்க்கத்தான் அழகையா நினைத்தான். அவன் கால்வரைக்கும்தான் பார்வை போனது.