கேக்கின் முதுகு

எடிட்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகிறது. சமையலும் வீட்டு அலங்காரமும் போடும் ஒரு பத்திரிகையில் தலை நரைக்கும்வரை குப்பை கொட்டியவர். அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் தெருவிலும் நிலைத்துவிட்டது.

இன்று மகளுக்குப் பிறந்தநாள். இந்த ஒரு தடவையாவது அவளுக்கு முழு கேக் கொடுத்தே தீருவேன் என்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அதென்ன முழு கேக் என்று கேட்பவர்களுக்குப் பத்திரிகைத் தொழிலின் லட்சணம் தெரியாது. அட்டைப்படத்தில் பளபளக்கிற கேக்குக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. கேமரா பார்க்காத பக்கத்துக்கெல்லாம் கிரீம் தடவிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? பின்னால் வெறும் கேக்கும், சரியாமலிருக்கச் செருகிய பல் குத்தும் குச்சியும்தான். படம் எடுத்து முடிந்ததும் அதுதான் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரும். ஒரு வருடம் விருந்துக்கு வந்த சிநேகிதி ஒருத்தி மேசையைச் சுற்றிவந்து, "உங்க வீட்டு கேக்குக்கு முதுகே இல்ல" என்று சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். எடிட்டரம்மாவுக்குத்தான் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. குழந்தையின் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு மிச்சத்தைத்தானே போட்டோம் என்று இத்தனை வருடமும் மனசு அடித்துக்கொண்டது.

அதனால்தான் இன்று சுற்றிலும் கிரீம் தடவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் முன்பக்கமாகவே இருந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். அவளுக்கும் நெற்றியோரம் நரை. பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே மேசைக்குப் போய்க் கேக்கை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். முகம் வாடிவிட்டது.

"பின்பக்கம் எங்கம்மா?"

"இதுக்குப் பின்பக்கமே கிடையாதுடி. சின்ன வயசுல உனக்குக் குடுக்காததையெல்லாம் சேத்து முழுசா பண்ணியிருக்கேன்."

"யாரு சொன்னா குடுக்கலன்னு?" மகள் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஸ்கூல் விட்டு நேரா உன் ஆபீசுக்குத்தான வருவேன்? போட்டோக்காரர் அந்தப் பக்கம் லைட்ட மாத்திக்கிட்டே இருப்பாரு. நீ என்னைக் கேக்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சு, முதுகுலேர்ந்து தோண்டித் தோண்டி ஊட்டுவ. கேக் ஆடுதேன்னு அவரு கத்துவாரு. நீ மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு ஃபேன நிறுத்தச் சொல்லுவ. நாள் பூரா ஊருக்கே எடிட்டரம்மா. அந்தப் பக்கம் மட்டும்தான் நீ எனக்கு அம்மா."

எடிட்டரம்மாவுக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. முள் குத்தியது மட்டும்தான் நினைவில் இருந்தது.

கத்தியை எடுத்தார். காலையிலிருந்து உயிரைக் கொடுத்துத் தடவிய கிரீமை ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்தார். மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மொட்டை இடத்தில் ஸ்பூனை விட்டுத் தோண்டினார். மகள் வாயைத் திறந்தாள். கேக் ஆடியது.

"யாருப்பா அங்க, ஃபேன நிறுத்துங்க" என்றார் அம்மா, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு.