பீர் மைதீனின் துப்புரவான வயல்

தாமிரபரணி வெள்ளம் வயலுக்குள் புகுந்து வடிந்த மூன்றாம் வாரம், சேதம் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று முக்கூடலில் தண்டோரா போடாத குறை. பீர் மைதீன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றார். அவருடைய ஒரு ஏக்கரில் குலை தள்ளிய ஏத்தன் வாழை அத்தனையும் வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது. காப்பீடு இல்லை. பிரீமியம் கட்டக் கடைசி நாளன்று, மனிதர் வாழைக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு வாங்கப் போயிருந்தார். காப்பீடு இல்லாதவர்களுக்கும் நிவாரணம் உண்டு என்று அரசு அறிவித்த அன்றுதான் அவருக்குச் சோறே இறங்கியது. அது வந்தால் மறுபடியும் வாழை. வராவிட்டால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மேலப்பாளையத்தில் மச்சான் கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு குணம். வயலில் ஒரு சருகு கிடந்தால் உறக்கம் வராது. வெள்ளம் வடிந்ததுமே மனைவி மும்தாஜ் பேகத்தின் சங்கிலியை அடகு வைத்து ஆள் பிடித்தார். விழுந்த வாழையையெல்லாம் வெட்டி, நறுக்கி, உரக்குழியில் தள்ளி, உழுது, உளுந்தும் விதைத்துவிட்டார். அழுகவிட்டால் வண்டு விழுந்து அடுத்த வாழையையும் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம்; நியாயமான பயம்தான். பக்கத்து வயல் குற்றாலலிங்கம் ஒரு மட்டையைக்கூடத் தொடவில்லை. சோம்பேறி என்று ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. பீர் மைதீன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

கிராம நிர்வாக அலுவலர் சாலோமி கைப்பேசியும் கையுமாக வந்தார். குற்றாலலிங்கம் வயலில் அழுகிக் கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பிறகு இங்கே வந்து, இரண்டு இலை விட்டு நின்ற உளுந்தைப் பார்த்தார்.

“வாழை எங்க அண்ணாச்சி?”

“வெட்டி அள்ளியாச்சு தாயி. போட்டு வச்சா வண்டு விழுந்துரும்லா.”

விழுந்த பயிர் வயலோடு சேர்ந்து படத்தில் தெரிந்தால்தான் சேதம் என்று எழுத முடியும் என்றார் சாலோமி. பீர் மைதீன் விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உரக்குழிக்குக் கூட்டிப்போனார். உள்ளே எல்லாம் கறுத்துக் குழைந்து கிடந்தது. இது யார் வயல் வாழை என்று எதை வைத்து எழுத, என்று கேட்டார் சாலோமி. குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கூடவே வந்திருந்த மும்தாஜ் பேகம் முன்னால் வந்து, ஆட்களோடு வாழை அள்ளிக் கொப்புளம் உடைந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

“கையப் படம் எடுக்க இதுல எடம் இல்லக்கா,” என்றார் சாலோமி. பயிர் உளுந்து, சேதம் இல்லை என்று பதிந்துவிட்டுப் போனார்.

பீர் மைதீன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கிலியை அடகு வைத்து, கூலியும் கொடுத்து, தனக்கு வர வேண்டியதைத் தானே வெட்டிக் குழியில் தள்ளியிருக்கிறார். அவரால் நம்பவே முடியவில்லை. மாடாய் உழைத்தவனுக்கு இல்லை, சும்மா கிடந்தவனுக்கு உண்டு என்றால் இது எந்த ஊர் நியாயம்?

குற்றாலலிங்கம் வந்து பக்கத்தில் குந்தினான். குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவன்.

“பாய், தப்பா நெனைக்காதீய. என் வயல்ல கெடக்குத அழுகலை அள்ளி நான் எப்ப முடிக்க? ஒங்க வயலு துப்புரவா கெடக்கு. நிவாரணம் வந்ததும் துட்டு தாரேன். குத்தகைக்கு விடுதீயளா?”

மும்தாஜ் பேகம் கணவரைப் பார்த்தாள். நல்ல வசவு ஒன்று விழும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

“உளுந்தோட சேத்துக் குடுத்தா எவ்வளவு தருவ?” என்று கேட்டார் பீர் மைதீன்.