நீலமாக முளைத்த ரோஸ் காளான்

காளான் கையேட்டின் ஒரு பக்கத்துக்கு ரோஸ் மை ஊற்ற வேண்டிய தொட்டியில் நான் நீல மையை ஊற்றிவிட்டதால், அடுத்த மழைக்குக் காட்டில் ரோஸ் காளான்கள் எல்லாம் நீலமாகவே முளைத்தன. குடை நீலம், தண்டு நீலம், கிள்ளினால் கசிகிற பாலும் நீலம். அச்சகத்தில் என் வேலையே மை ஊற்றுவதுதான். அதையும் உருப்படியாகச் செய்யாதவனுக்கு ஒரு காடே கீழ்ப்படிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீட்டில் பூனைகூட என் பேச்சைக் கேட்பதில்லை.

கையேட்டை எழுதிய பேராசிரியர் அச்சகத்துக்கு வந்து குதித்தார். எல்லாப் பிரதியிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: 'படத்தில் நீலமாகத் தெரிவதை ரோஸ் என்று கொள்ளவும்.' புத்தகம் திருந்திவிட்டது. காடு திருந்தவில்லை.

அடி விழுந்தது என் அக்காவுக்கு. மழைக்காலத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிவதே காளான் விற்றுத்தான். கையேட்டோடு ஒத்துப்போகாத காளானைச் சந்தையில் விற்கக் கூடாது என்பது விதி. கண்காணிப்பாளர் கூடையைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார்; பிறகு கூடையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பார். முதுகு ஒடியக் குனிந்து பொறுக்கியது அத்தனையும்! வாசனை அதே, ருசி அதே, முளைக்கிற இடம்கூட அதே மரத்தடி. மோந்து பார்க்க மூக்கு இல்லையா இவர்களுக்கு?

"காட்டுக்கு யாருடா போய்ச் சீட்டு ஒட்டுறது? நீ ஒட்டுறியா?" என்றாள் அக்கா. அவள் கோபம் நியாயம். அது என் பக்கம் திரும்பியதுதான் கஷ்டம்.

இது எந்தக் காளான் என்று கேட்டு நான் ஏறாத படி இல்லை. சீட்டு சரியாக இருக்கிறது, காட்டில் இருப்பதுதான் பிழை என்றார் பேராசிரியர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. மரம் என்றால் சொல்லலாம், காளான் எங்களுக்கு வராது என்றது வன அலுவலகம். அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் ஆய்வகத்து அம்மாள். இதைச் சொல்லவா அத்தனை படிப்பு? மழைகள் வந்து போயின. பகலில் கூடைகளைக் கவிழ்த்த ஊர், சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் வந்து அதே காளானுக்குப் பையை நீட்டியது. அச்சகத்தில் என்னை மைத்தொட்டிப் பக்கம் விடாமல் காகிதம் அடுக்க வைத்தார்கள். அக்கா மகளின் கல்யாணம் நெருங்கியது. அந்த வாரம் அக்கா பெரிய கூடையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தாள்; தூக்கிவர நானும் போயிருந்தேன். கண்காணிப்பாளர் அதையும் தூக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "இது ரோஸ் காளானா, இல்லையா? இந்தச் சந்தையில ஒருத்தராவது நேராச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினேன்.

சந்தை தரையைப் பார்த்தது. காய் வாங்க வந்திருந்த கண்காணிப்பாளரின் மனைவி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நேத்து ராத்திரி இதையே ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னீங்களே, அப்போ தெரியலையா?" என்று கணவரிடம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அதே ரோஸ் காளான்தான் தம்பி. நீலமா இருக்கு, அவ்வளவுதான்."