மிஸ்டர் நேதன் தங்கிய வீடு

படுக்கை விரிப்பில் ஒரு மடிப்புக்கூட இருக்கக்கூடாதாம். மடிப்பிருந்தால் ஸ்கை தீவின் கடல் சுவரில் கோணலாகத் தெரியுமாம். தெரிந்தால் என்ன, குடியா முழுகிப்போகும்? முணுமுணுத்துக்கொண்டுதான் அயன் பண்ணிக் கொடுத்தேன். என் புருஷன் கதிர்காமநாதன் கதிரையில் ஏறி நின்று அதைச் சுவரில் கட்டினார். எழுபத்தாறாம் ஆண்டு, நாங்கள் குடியேறிய செவன் ஹில்ஸ் புறநகரில் எங்கள் வாடகை வீடு. புரொஜெக்டர் இவர் வேலை செய்கிற கந்தோரில் இரவல் வாங்கியது. பயணப் படங்கள் பார்க்க வந்தவர்கள் வாசுதேவனும் அவர் மனைவி வைதேகியும், அவள் மடியில் பல் முளைக்கிற வயதில் ஒரு பிள்ளையும்.

வாசுதேவனை வருகிற ஓகஸ்டில் வேலை விஷயமாக லண்டனுக்கு அனுப்புகிறார்களாம். அது முடிய ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரு தீவைப் பார்த்துவிட வேண்டும் என்று வைதேகிக்கு ஆசை. போன வருடம் கிளாஸ்கோவில் பயிற்சிக்குப் போய், என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்கை தீவைச் சுற்றிவந்த இவரை விட்டால் வேறு யாரிடம் கேட்பார்கள்? இவருக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம், புளுகம். காரோடு ஏறிப் போகிற படகு, டன்வேகன் கோட்டை, போர்ட்ரீ துறைமுகத்தில் வரிசையாக நிற்கிற வர்ண வீடுகள், கிழவன் போல நிமிர்ந்து நிற்கிற மலைப்பாறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. நன்றாகத்தான் சொன்னார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு அந்த வீடு வந்தது. வெள்ளை வீடு, நீலக் கதவு, கடலைப் பார்த்த ஜன்னல்கள். வாசல் படலையடியில் பச்சைச் சேலையும் மழைக்கோட்டுமாக நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

“இதுதான் நாங்கள் தங்கின இடம். மெத்தை எண்டால் அப்பிடி ஒரு மெத்தை. காலமை கஞ்சி, முட்டை, புகை போட்ட மீன். அந்த வீட்டு மனிசி எங்களைச் சொந்தப் பிள்ளையள் மாதிரிப் பாத்தவ” என்றார் இவர்.

கையிலிருந்த, பொரித்த ரோல்ஸ் தட்டை அப்படியே இவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து தொலைபேசியில் அறை கேட்டபோது இவர் கதிர்காமத்தை வெட்டி எறிந்துவிட்டு ‘மிஸ்டர் நேதன்’ ஆகிவிட்டார். அந்தக் குரலையும் இங்கிலீசையும் கேட்டு வீட்டுக்காரியும் தேனாய்ப் பேசினாள். நேரில் போய்க் கதவைத் தட்டினோம். இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பொட்டைப் பார்த்தாள். ஏதோ பிழை நடந்துவிட்டது, அறை இல்லை என்றாள். அறை உண்டு என்று ஜன்னலில் தொங்கிய பலகையை எங்கள் கண் முன்னாலேயே மறுபக்கம் திருப்பினாள். அதற்கு இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றி ‘தாங்ஸ்’ சொன்னார்! தீவு முழுக்க விடுமுறைக்காரர், வேறெங்கும் இடமில்லை. அந்த வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கடற்கரையோரம் காரை நிறுத்தி, கொட்டுகிற மழையில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தோம். விடிய வெயில் எறித்தது. என்னைத் திரும்ப அந்தப் படலையடிக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, “சிரியும் பாமா, ஆக்களுக்குக் காட்ட ஒரு படம் வேணும்” என்றார். அந்த நேரம் இவரைக் கடலுக்குள் தள்ளாமல் ஏன் சிரித்தேனோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“அண்ணை, அந்த வீட்டு விலாசத்தைத் தாங்கோவன். பிள்ளையோட இடம் தேடி அலையேலாது” என்றாள் வைதேகி.

இவர் எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று நினைத்தேன். மனிசி வயது போனவ, வீட்டை விற்றிருப்பா என்று ஒரு பொய் போதும். இத்தனை பொய் சொன்ன வாய்க்கு அது பெரிய வேலையா? ஆனால் இவர் தெருவையும் ஊரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசுதேவன் எழுதிக்கொண்டார். “மிஸ்டர் நேதன் அனுப்பினவர் எண்டு சொல்லுங்கோ, நல்லாக் கவனிப்பா” என்று வேறு.

வைதேகியின் மடியில் பிள்ளை ஒரு ரஸ்க்கைச் சப்பி எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது.

“எழுதாதையுங்கோ வாசு!” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நாங்கள் அந்தப் படலைக்கு அங்கால ஒரு ராத்திரியும் படுக்கேல்லை. தோலைப் பாத்துக் கலைச்சுப்போட்டாள்.”

“பாமா, நீர் சும்மா இரும். உமக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான்! உங்கட மரியாதைக்காக இந்தப் பச்சைப்பிள்ளையும் மழைக்குள்ள கிடக்கோணுமோ?”

வாசுதேவன் பேனையை மூடினார். “சிலவேளை உண்மையாவே அறை நிரம்பியிருக்கும், அக்கா” என்றார். கேட்டீர்களா? வாசுவும் இவர் ரகம்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் வைதேகி இவர் பக்கம் திரும்பி, “பிறகு எங்க அண்ணை படுத்தனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இன்னொரு பொய் வரும் என்று காத்திருந்தேன்.

“காருக்குள்ள” என்றார். “இவ நித்திரையாப் போயிட்டா. நான் விடியுமட்டும் அந்த வீட்டையே பாத்துக்கொண்டு இருந்தனான். மேல ரெண்டு அறை இருட்டாவே கிடந்தது. கடைசிமட்டும் ஒருத்தரும் வரேல்லை.”

இதை இவர் என்னிடம் சொன்னதே இல்லை.

எழுந்து விரிப்புக்குக் கிட்டப் போனார். “இந்த ஜன்னல்” என்று ஒன்றைத் தொட்டார். “இது மற்றது.” கை அங்கேயே நின்றது. அவருடைய நிழல் பாதி வீட்டை மூடிவிட்டது. படலையடியில் நின்ற நான் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் படமாக விழுந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.